டிஸப்பியர்: எழுவாய் இல்லாத ஒரு வினைச்சொல்

ஆங்கிலத்தில் ‘டிஸப்பியர்’ என்றொரு வினைச்சொல் உண்டு. அதன் பொருளை அறிய அகராதியைப் புரட்டவேண்டிய தேவை எவருக்கும் இராது. சூரியன் மேகத்தினுள் மறைந்தாலும், மேசைமீது வைத்த பேனாவைச் சற்று நேரத்தில் காணாவிட்டாலும், விருந்துக்கு வந்தவர் சொல்லாமற் கொள்ளாமல் நழுவிவிட்டாலும் ஆங்கிலம் பேசுவோர் இச்சொல்லையே எடுத்தாளுவர். பள்ளிச் சிறுவனும் அறிந்த இச்சொல்லைத் தமிழில் எவ்வாறு எழுதுவது என்பதிலே எங்கள் தலைமுறைப் பத்திரிகையாளர்கள் நீண்டகாலம் இடர்ப்பட்டோம். இடர்ப்பட்டோம் என்பதைவிடத் தவறிழைத்தோம் என்பதே பொருத்தம். அந்தத் தவறைப் பற்றியதே இக்கட்டுரை.

1980களின் நடுப்பகுதி. கொழும்பில் ஒரு தமிழ் நாளேட்டின் செய்திப் பிரிவில் நான் பணியாற்றிக் கொண்டிருந்தேன். அவசரகால விதிகளும் தணிக்கையும் எங்கள் மேசைகளில் எந்நேரமும் உட்கார்ந்திருந்த காலம் அது. வடக்கிலிருந்து மகனைத் தேடி வந்த தாய் ஒருவர், ‘காணவில்லை’ அறிவித்தல் ஒன்றைப் பிரசுரிக்கும்படி கேட்டு அலுவலகத்திற்கு வந்தார். விளம்பரப் பிரிவில் ஆள் இல்லாததால் என்னிடம் அனுப்பிவைத்தார்கள். பெயர், வயது, உயரம், உடுத்தியிருந்த உடை ஆகியவற்றைக் கேட்டு வழக்கமான வாசகத்தை எழுதி வாசித்துக் காட்டினேன். ‘இன்ன திகதி முதல் காணாமற் போயுள்ளார்’ என்ற இடத்தில் அவர் என்னை நிறுத்தினார்.

“தம்பி, அவன் காணாமல் போகேல்லை. விடியப்புறம் ஜீப்பிலை வந்து என்ரை கண்ணுக்கு முன்னாலைதான் ஏத்திக்கொண்டு போனவங்கள்.”

“அப்பிடிப் போடேலாது அம்மா. ஆர் கொண்டு போனதெண்டு எழுதினால் பேப்பருக்குப் பிரச்சினை வரும்.”

“அப்ப உங்கடை விருப்பப்படி போடுங்கோ. படம் மட்டும் வடிவாய்த் தெரிஞ்சாற் போதும்.”

என் விருப்பப்படியே போட்டேன். படமும் தெளிவாகவே வந்தது. மகன் வரவில்லை. அந்தத் தாய் எனக்கு ஓர் இலக்கணப் பாடம் நடத்திவிட்டுச் சென்றார் என்பதை உணர எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

முதலில் ஆங்கிலச் சொல்லின் வரலாற்றைப் பார்ப்போம். கண்முன் தோன்றுதல் என்னும் பொருள்படும் ‘அப்பாரேரே’ என்ற இலத்தீன் சொல், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் ‘அப்பியர்’ ஆயிற்று. நீதிமன்றத்தில் தோன்றுதலையும் ஆங்கிலேயர் இதே சொல்லாற் குறிப்பர். அதன் முன்னே எதிர்மறைப் பொருள் தரும் ‘டிஸ்’ என்னும் ஒட்டைச் சேர்த்து, 15ஆம் நூற்றாண்டளவில் ‘டிஸப்பியர்’ உருவாயிற்று. தோன்றியது தோன்றாமற் போவதே அதன் பொருள்.

இச்சொல்லின் இலக்கணத்தில் ஒரு நுட்பம் உண்டு. ஆங்கிலத்தில் ஒரே வினை இரு வகையாக இயங்குவது மிகச் சாதாரணம். கதவு தானே திறந்தாலும் ‘ஓப்பின்’ தான். ஒருவர் கதவைத் திறந்தாலும் ‘ஓப்பின்’ தான். ஆனால் ‘டிஸப்பியர்’ அவ்வாறன்று. அது செயப்படுபொருள் குன்றிய வினையாகவே பொதுவழக்கில் நின்றது. ஒருவர் மறைந்தார் என்று சொல்லலாம். ஒருவரை இன்னொருவர் ‘டிஸப்பியர்’ செய்தார் என்று நேரடியாகச் சொல்வதை ஆங்கில ஆசிரியர்கள் பிழை என்றே திருத்துவர். மந்திரவித்தைக்காரன் முயலை மறையச் செய்வதைச் சொல்வதற்குக்கூட இன்னொரு வினையைத் துணைக்கு அழைக்கவேண்டும். சுருங்கச் சொன்னால், இவ்வினையின் எழுவாய் மறைந்தவரே. மறைத்தவருக்கு அதில் இடமே இல்லை.

அமெரிக்க எழுத்தாளர் ஜோசப் ஹெல்லர் 1961இல் வெளியிட்ட ‘கேட்ச் 22’ நாவலில் இவ்விலக்கணத்தை வேண்டுமென்றே மீறினார். இராணுவ மருத்துவமனையிலுள்ள ஒருவரை மேலிடம் ‘டிஸப்பியர்’ செய்யப்போகிறது என்ற செய்தி அதில் வருகிறது. அதைக் கேட்கும் கதாநாயகன், அது ஒழுங்கான இலக்கணம்கூட இல்லையே என்று ஆட்சேபிக்கிறான். வாசிக்கும்போது சிரிப்பு வரும். ஆனால் நாவலில் அந்த மனிதர் அதற்குப்பின் காணப்படுவதேயில்லை.

நாவலில் நகைப்பாக இருந்தது தென்னமெரிக்காவில் மெய்யாயிற்று. 1976இல் ஆர்ஜென்டீனாவில் ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவத் தலைமை, எதிர்த்தோரை இரவோடிரவாகக் கொண்டு சென்றது. சிறையிலும் ஆள் இல்லை. பிணவறையிலும் உடல் இல்லை. 1977 ஏப்ரல் 30ஆம் திகதி அன்னையர் சிலர் தலைநகரின் மே சதுக்கத்தில் கூடிப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்கத் தொடங்கினர். நாட்டின் ஆட்சித் தலைவராயிருந்த விடேலா 1979இல் செய்தியாளரிடம் விளக்கம் கூறுகையில், காணாமற்போனவர் உயிருடன் இருப்பவரும் அல்லர், இறந்தவரும் அல்லர், அவர் காணாமற்போனவர் என்ற கருத்துப்படப் பேசினார். ஒரு வினைச்சொல்லின் பின்னால் ஓர் அரசாங்கமே ஒளிந்துகொள்ள முயன்றது. இராணுவ ஆட்சி வீழ்ந்தபின் அமைக்கப்பட்ட ஆணைக்குழு 1984இல் தனது அறிக்கையில் 8,960 பேரின் விபரங்களைப் பதிவு செய்தது. மனித உரிமை அமைப்புகள் கூறும் தொகை 30,000 ஆகும். ஸ்பானிய மொழியின் ‘தெசாபரெசிதோ’ என்னும் எச்சச் சொல் அன்றிலிருந்து உலக மொழிகளிற் புகுந்தது. ஆங்கிலமும் தன் இலக்கணக் கூச்சத்தைக் கைவிட்டது. ஒருவர் ‘டிஸப்பியர்’ ஆக்கப்பட்டார் என்று ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதத் தொடங்கின.

ஐக்கிய நாடுகள் சபை இது தொடர்பான செயற்குழுவை 1980இல் அமைத்தது. 2006 டிசம்பரில் சர்வதேச சமவாயத்தை நிறைவேற்றியது. 2010 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த அச்சமவாயத்தின் வரைவிலக்கணத்தை நுணுகிப் பார்த்தால் அதில் இரு செயல்கள் உள்ளன. அரச முகவர்களோ, அரசின் அனுமதியோ ஆதரவோ இணக்கமோ பெற்றவர்களோ ஒருவரைக் கைது செய்வது அல்லது கடத்துவது முதற்செயல். கொண்டு சென்றதை மறுப்பது அல்லது அவருக்கு நேர்ந்ததை மறைப்பது இரண்டாவது. கொண்டு செல்வது ஒரு நாளில் முடிந்துவிடும். மறுப்பது ஒவ்வொரு நாளும் தொடரும். ஆகவே இது முடிந்துபோன குற்றமன்று. விடை கிடைக்கும்வரை நடந்துகொண்டே இருக்கும் குற்றம்.

இனித் தமிழுக்கு வருவோம். இவ்விடயத்தில் ஆங்கிலத்துக்கு இருந்த இல்லாமை தமிழுக்கு இல்லை. தானே செய்வதையும் பிறரைச் செய்விப்பதையும் ஓர் ஒற்றெழுத்தின் வேறுபாட்டாலே பிரித்துக் காட்டும் மொழி நம்முடையது. ஓடினான், ஓட்டினான், உருண்டது, உருட்டியது, அழிந்தது, அழித்தது, மறைந்தான், மறைத்தான். தன்வினை, பிறவினை என்று சிறுவயதில் மனனம் செய்தோமே, அதுதான். இத்தனை வசதி கைவசம் இருந்தும் நாங்கள் தெரிந்தெடுத்தது ‘காணாமற் போனார்’ என்பதையே.

‘மறைந்தார்’ என்று எழுதாததற்கு நியாயம் உண்டு. தமிழ்ப் பத்திரிகை வழக்கில் மறைந்தார் என்றால் இறந்தார் என்றே பொருள். மகனைத் தேடும் தாயிடம் அச்சொல்லைச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் ‘காணாமற் போனார்’ என்பதில் என்ன நேர்கிறது? போனவர் அவரே. போதல் தன் காலால் நிகழும் வினை. ஆளைப் பறிகொடுத்தவனையே வாக்கியத்தின் கருத்தாவாக்கி, அவன் எங்கோ போய்விட்டான் என்று பழியையும் அவன் தலையில் இறக்குகிறது அச்சொல். ‘வெளிநாடு போயிருப்பான்’, ‘இயக்கத்துக்குப் போயிருப்பான்’ என்று அதிகாரிகள் சொன்ன பதில்களுக்கெல்லாம் நாங்கள் தெரிந்தெடுத்த வினைச்சொல்லே பாய் விரித்துக் கொடுத்தது. அடுத்து ‘காணாமல்’ என்பதைப் பாருங்கள். காணாதவர் யார்? அவனைக் காணாதவர்கள் நாமல்லவா? நம்முடைய காணாமையையும் அவனுடைய போக்காகவே எழுதிவிட்டோம்.

மக்கள் பத்திரிகைகளைவிடத் தெளிவாகப் பேசினார்கள். ‘பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள்’ என்றே எங்கள் ஊர்களிற் சொல்வார்கள். பெயர் சொல்ல அஞ்சிய காலத்தில் ‘வெள்ளை வான் கொண்டு போனது’ என்றார்கள். ஆளைச் சொல்ல முடியாதபோது வாகனத்தைக் கருத்தாவாக்கினார்கள். இலக்கண நூலார் இதைக் கருவிக் கருத்தா என்பர். ஆங்கிலம் பேசும் கொழும்பினரும் பின்னாளில் வெள்ளை வானையே ஒரு வினைச்சொல்லாக்கிப் பேசியதுண்டு.

சிங்கள மொழியின் நிலையும் இதுவே. அங்கு வழங்கும் ‘அத்துருதஹன்’ என்ற சொல், வடமொழி ‘அந்தர்த்தானம்’ என்பதிலிருந்து வந்தது. புராணங்களில் தேவர்கள் வரமளித்துவிட்டு அந்தர்த்தானமாவார்கள். அது அவர்கள் விரும்பிச் செய்யும் மறைவு. 1987க்கும் 1990க்கும் இடையில் தெற்கிலே வீடுகளிலிருந்து இழுத்துச் செல்லப்பட்ட பல்லாயிரம் சிங்கள இளைஞர்களுக்கும் இச்சொல்லே சூட்டப்பட்டது. ‘ஆன’ என்னும் பொருள்தரும் ‘வூ’ என்பதைச் சேர்ப்பதா, ‘செய்த’ என்னும் பொருள்தரும் ‘கள’ என்பதைச் சேர்ப்பதா என்ற கேள்வி அங்கும் எழுந்தது. இரண்டு மொழித் தாய்மாரும் ஒரே வினைச்சொல்லுடன் போராடினார்கள். அவர்களை ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்துவைக்கும் கடமையிலும் இருமொழிப் பத்திரிகைகள் பெரிதாக எதையும் சாதிக்கவில்லை.

அரசாங்கம் காலத்துக்குக் காலம் நியமித்த ஆணைக்குழுக்களின் ஆங்கிலப் பெயர்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் இந்த வினைச்சொல்லின் அரசியல் புலனாகும். 1991இல் ஜனாதிபதி பிரேமதாச நியமித்த ஆணைக்குழுவின் பெயரில் இருந்தது, ஆட்கள் ‘விருப்பின்றி அகற்றப்படல்’ என்பது. அகற்றல் பிறவினை, அகற்றியவர் ஒருவர் உண்டு என்பதை அது ஒப்புக்கொண்டது. ஆனால் அக்குழுவுக்கு, நியமனத்தின் பின் நிகழ்பவற்றை விசாரிக்கும் ஆணையே முதலில் வழங்கப்பட்டது. 1994இல் ஜனாதிபதி சந்திரிகா நியமித்த மூன்று வலய ஆணைக்குழுக்களின் பெயரில் ‘அகற்றப்படல்’ என்பதுடன் ‘காணாமற்போதல்’ என்பதும் சேர்ந்தது. 2013இல் அமைக்கப்பட்ட பரணகம ஆணைக்குழுவின் பெயரில் எஞ்சியது ‘காணாமற்போன ஆட்கள்’ மட்டுமே. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்ட அலுவலகத்தின் பெயரும் அவ்வாறே அமைந்தது. ஆனால் அதே ஆண்டில் இலங்கை சர்வதேச சமவாயத்தை ஏற்று உறுதிப்படுத்தியது. 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் பலவந்தமாகக் காணாமல் ஆக்குதலை 20 ஆண்டுவரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது. ஒரே அரசின் ஒரு கதவில் ‘போன’ என்றும் மறு கதவில் ‘ஆக்கிய’ என்றும் எழுதப்பட்டன.

இதற்கிடையில் தமிழில் ‘வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்ற தொடர் வேரூன்றியது. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலிலே உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கியபோது அவர்களுடைய பதாகைகளில் இத்தொடரே இருந்தது. தமிழ் அறிந்த நண்பர்கள் சிலர் இதைக் குறை கூறுவதுண்டு. ‘வலிந்து’ என்றால் தானாக முன்வந்து என்றல்லவா பொருள், ‘வலிந்து உதவினான்’ என்கிறோமே, காணாமல் ஆக்கப்பட்டவரா வலிந்து சென்றார் என்று கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. ‘பலவந்தமாக’ என்பது இலக்கணத்துக்கு இசைவானது. ஆயினும் என் எண்ணம் வேறு. அந்த ‘வலிந்து’ என்னும் வினையெச்சத்தின் கருத்தா, ஆக்கியவரே. வாக்கியத்தில் பெயர் சொல்லப்படாத ஒருவர் அந்த ஒரு சொல்லினுள் நிழலாக நிற்கிறார். ஹெல்லரின் கதாநாயகனைப்போல இலக்கணம் சரியில்லையே என்று வியப்பது எளிது. சரியான இலக்கணத்துக்குள் அடங்காத செயலை நாட்டிற் செய்துவிட்டு, அதற்குச் சரியான இலக்கணத்தில் பெயர் வேண்டுமென்றால் எப்படி?

இன்னொரு ஆட்சேபம் செய்தி மேசைகளிலிருந்து வருவது. ‘ஆக்கப்பட்டார்’ என்று எழுதினால் நிரூபிக்கப்படாத குற்றச்சாட்டைப் பத்திரிகை தானே சுமத்துவதாகாதா, நடுநிலை கெடாதா என்பது. இளமையில் நானும் இவ்வாதத்தைப் பேசியவன்தான். செயப்பாட்டுவினை எவர் பெயரையும் சொல்வதில்லை; செய்தவர் ஒருவர் இருக்கிறார் என்பதை மட்டுமே சொல்கிறது. கண்முன்னே மகனை ஏற்றிச் சென்றார்கள் என்று ஒருவர் சாட்சி கூறும்போது, ‘போனான்’ என்று எழுதுவது நடுநிலை அன்று. மறுப்பவரின் கூற்றை ஏற்றுக்கொள்வதாகும்.

அதேவேளை சொல்லைக் கண்டபடி வீசுவதும் தவறு. 2004 டிசம்பரில் கடல்கோள் அள்ளிச் சென்றவர்கள் காணாமற் போனவர்களே. கடலுக்குச் சென்று திரும்பாத மீனவரும் அவ்வாறே. போர்முனையில் காணாமற்போன சிப்பாயின் தாயும் இந்நாட்டில் ஒரு தாய்தான். அவருடைய மகனுக்கு ‘காணாமற்போனவர்’ என்பதே பொருந்தும். எல்லாரையும் ஒரே சொல்லில் அடக்கினால் குற்றம் விபத்தாகிவிடும்; அல்லது விபத்து குற்றமாகிவிடும். எனவே இளம் செய்தியாளர்களிடம் நான் வேண்டுவது ஒன்றே. முதலில் தெரிந்ததை எழுதுங்கள். எந்த நாள், எந்த இடம், எத்தகைய வாகனம், எந்தச் சீருடை, யார் கண்டார்கள், பொலிஸார் முறைப்பாட்டை ஏற்றார்களா என்பவற்றை எழுதுங்கள். வினைச்சொல் அதன் பின்னர் வரட்டும். விசாரித்து எழுதவேண்டிய பத்துப் பந்திகளை ஒற்றை வினைச்சொல்லால் ஈடுசெய்யும் சோம்பலே எங்களைக் கெடுத்தது.

எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்களே இச்சொல்லுக்கு இரையானதுண்டு. 2007 பெப்ரவரியில் யாழ்ப்பாணத்தில் செய்தியாளர் சுப்பிரமணியம் இராமச்சந்திரன். 2010 ஜனவரி 24ஆம் திகதி கேலிச்சித்திரக்காரரும் எழுத்தாளருமான பிரகீத் எக்னெலிகொட. ஒருவர் தமிழர், மற்றவர் சிங்களவர். இருவரும் திரும்பி வரவில்லை.

‘ஆக்கப்பட்டோர்’ என்று எழுதத் தொடங்கியதோடு எங்கள் கடன் தீர்ந்ததா? இல்லை. செயப்பாட்டுவினை வாக்கியம் நிறைவுபெற மூன்றாம் வேற்றுமை வேண்டும். ‘இராமனால் வாலி கொல்லப்பட்டான்’ என்பதிலுள்ள அந்த ‘ஆல்’ உருபு. யாரால் ஆக்கப்பட்டார்கள்? நம் நாட்டின் பெரும்பாலான வாக்கியங்களில் இந்த ‘ஆல்’ இன்னும் எழுதப்படவில்லை. அதை எழுதும்போது நமக்கு உவப்பானவற்றை மட்டும் எழுதுவதும் கூடாது. படையினரால் என்பது பெருந்தொகையான இடங்களில் விடையாகலாம். அவர்களுடன் இயங்கிய ஆயுதக் குழுக்களால் என்பதும் விடைதான். 1990இல் குருக்கள்மடத்தில் கடத்தப்பட்ட முஸ்லிம்களைப் பற்றிக் கேட்டால் விடுதலைப் புலிகளால் என்று எழுதவேண்டும். எங்கள் பக்கத்து ‘ஆல்’ ஐ விழுங்கிவிட்டு மறுபக்கத்து ‘ஆல்’ ஐ மட்டும் உரத்துச் சொல்வோமானால், நாமும் அந்தப் பழைய தன்வினையின் பின்னாலேயே ஒளிந்து நிற்கிறோம்.

‘ஆல்’ எழுதப்பட்ட சில வாக்கியங்களும் உண்டு. 1996இல் செம்மணிச் சோதனைச்சாவடியில் மறிக்கப்பட்ட மாணவி கிருஷாந்தி, அவரைத் தேடிப்போன தாய், தம்பி, அயலவர் ஆகியோரின் வழக்கில் 1998இல் படையினர் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். எம்பிலிப்பிட்டிய மாணவர்கள் கடத்தப்பட்ட வழக்கில் 1999இல் பாடசாலை அதிபர் ஒருவரும் இராணுவத்தினரும் தண்டனை பெற்றனர். வாக்கியத்தை முடிக்க இயலாது என்பது பொய். முடிக்கும் மனம் இருந்தால் இயலும். 2025இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் 200இற்கும் மேற்பட்ட மனித எலும்புத் தொகுதிகள் மண்ணிலிருந்து வெளிப்பட்டன. ‘டிஸப்பியர்’ என்பதன் எதிர்ச்சொல் ‘அப்பியர்’ என்று சொன்னேன். சில வேளைகளில் அது இவ்வாறும் நிகழ்கிறது.

சட்டத்துறையினர் ‘ஹேபியஸ் கோர்ப்பஸ்’ என்பதைத் தமிழில் ‘ஆட்கொணர்வு மனு’ என்பர். ஆளைக் கொணர்ந்து முன்நிறுத்து என்பதே அதன் பொருள். தமிழிலே ஆக்கப்பட்ட சட்டச் சொற்களுள் இதைவிட நேர்மையான சொல்லை நான் அறியேன். அதில் போதல் இல்லை. கொணரவேண்டியவர் ஒருவர் உண்டு. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் வீதியோரம் அமர்ந்த தாய்மார் கேட்டதும் அதையே. அவர்களுள் பலர் விடை கிடைக்காமலே இறந்துவிட்டார்கள்.

அன்று என் மேசையின் முன் நின்ற தாய் இன்று உயிருடன் இருப்பார் என நான் எண்ணவில்லை. அவருக்கு நான் எழுதிக் கொடுத்தது நான்கு வரி. அதில் இருந்த பிழை ஒரு வினைச்சொல்லில் மட்டுமே. அதைத் திருத்துகிறேன்: அவருடைய மகன் காணாமற் போகவில்லை. விடியற்புறம் ஜீப்பில் வந்தவர்களால் கொண்டு செல்லப்பட்டார்.